மருமகன் ஆப்பிரிக்காவுக்குப் பலம் ஏத்தப் போறான்

வா மருமகனே, உக்காரு. உங்கம்மா போன வாரமே வந்து சொல்லிட்டா. பையன் ஆப்பிரிக்காவுக்குப் போறானாம், அங்க இருக்கிற நிர்வாகப் பயிற்சி நிலையங்களுக்கு எல்லாம் பலம் ஏத்தப் போறானாம், செலவு பூரா ஏதோ வெளிநாட்டு உதவிப் பணமாம். மலாக்கா செர்காம்லேர்ந்து ஒருத்தன் அவ்வளவு தூரம் போய் அடுத்தவனுக்குப் பலம் ஏத்துறான்னா மாமனுக்குப் பெருமை இருக்காதா? மெர்லிமாவ் சந்தையில கண்ணுல பட்டவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன். மீன் விக்கிற மக்சிக் மட்டும், "அங்க அவனுக்கு யாரைத் தெரியும்?"னு கேட்டுச்சு. மக்சிக்குக்கு வெவரம் பத்தாது. நிபுணனுக்கு யாரையும் தெரியத் தேவையில்லன்னு நான்தான் எடுத்துச் சொன்னேன்.

நான் தோட்டத்துல செக்ரோல் எழுதின கிராணி. எம்பிஏ எல்லாம் படிச்சவன் இல்ல. துரை படிச்சுட்டுக் குப்பையில போடுற 'பிளாண்டர்' பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டாந்து படிச்சவன், அவ்வளவுதான். அதனால கொஞ்சம் சொல்றேன். வேணும்னா எடுத்துக்க. வேணாட்டி, உன் பைல்ல 'உள்ளூர் மக்கள் கருத்து'னு ஒரு பக்கம் இருக்குமே, அதுல போட்டுடு. அந்தப் பக்கத்தை எவனும் படிக்க மாட்டான்.

முதல் வேலை, அவங்களுக்கு என்ன தேவைன்னு கண்டுபிடிக்கிறதாம். அதுக்கு மூணு வாரம் ஒதுக்கியிருக்குன்னு சொன்னே. எதுக்கு மருமகனே உடம்பை வருத்திக்கிறே? உன் லாப்டாப்ல இப்ப என்ன பாடம் தயாரா இருக்கோ, அதுதான் அவங்களுக்குத் தேவை. ஸ்ட்ராட்டஜிக் பிளானிங் வச்சிருக்கியா? அப்ப அந்த நாடு இத்தனை நாளா ஸ்ட்ராட்டஜிக் பிளானிங் இல்லாமத்தான் கஷ்டப்பட்டுக்கிட்டு இருக்கு. உன்கிட்ட இருக்கிறது ஒண்ணு, அவங்களுக்கு வேண்டியது வேற ஒண்ணுன்னு வந்துட்டா அப்புறம் ரிப்போர்ட் எழுதுறது சிரமம். பாடமும் புதுசா தயார் பண்ணணும். மூணு வாரத்துல ரெண்டு வாரம் சான்சிபார் தீவைச் சுத்திப் பாரு. கடல் நல்லா இருக்குமாம். நம்ம செர்காம் கடல் மாதிரி சேறு இல்லையாம்.

வகுப்பை அந்தப் பயிற்சி நிலையத்துக்குள்ளயே வச்சிடாதே. அங்க கரண்டு போகும், ஃபேன் சுத்தாது, குழாயில தண்ணி வராது. பலம் ஏத்த வந்த எடத்துல பலவீனம் கண்ணுல பட்டா பார்க்க நல்லாவா இருக்கும்? ஓட்டல்ல வச்சிக்க. உதவிப் பணத்துல ஒரு பங்கு ஓட்டல்காரனுக்கு, ஒரு பங்கு ஏரோப்ளேன்காரனுக்கு, ஒரு பங்கு உன் கம்பெனிக்கு. மிச்சம் இருக்கிற பேனாவும் தோள் பையும் ஆப்பிரிக்காவுக்கு.

ஆளு வருமான்னு கவலையே படாதே, வரும். நம்ம ஊரு பயிற்சிக் குர்சுஸுக்கு யாரு வர்றான்னு பார்த்ததில்லையா? ஒரு ஆபீஸ்ல வேலையைத் தூக்கி நிறுத்துற ஆளு ஒருத்தன் இருப்பான். அவனை அனுப்பினா மறு நாள் ஆபீஸ் படுத்துடும். அதனால இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுன்னு இருக்கிறவனைத்தான் அனுப்புவாங்க. அவன் போன வருஷம் தலைமைத்துவம் படிச்சான், இந்த வருஷம் நேர நிர்வாகம் படிக்கிறான், அடுத்த வருஷம் மாற்ற நிர்வாகம் படிப்பான். வீட்டுல சிஜில், அதான் சான்றிதழ், மாட்ட சுவரு பத்தாது. அலவன்ஸ் குடுத்தா அவன் கடைசி நாள் வரைக்கும் இருப்பான். குடுக்கலைன்னா மத்தியானச் சாப்பாட்டோட மாயமாயிடுவான். இதுல ஆப்பிரிக்கா என்ன, ஆயர் குரோ என்ன, மனுசன் ஒரே மாதிரிதான்.

மூஞ்சியைத் தூக்கி வச்சிக்காதே. மாமன் கிண்டல் பண்றேன்னு நினைக்கிறே. சரி, இனி கொஞ்சம் நெசமா பேசுவோம். டீ சொல்லு.

நீ யாருக்குக் கத்துக் குடுக்கப் போறேன்னு உனக்குத் தெரியுமா? கானான்னு ஒரு நாடு இருக்கு பாரு, நீ போற எடத்துக்கு அந்தக் கோடியில. அது நமக்கு அண்ணன். 1957 மார்ச் 6 அவங்களுக்குச் சுதந்திரம். நமக்கு அதே வருஷம் ஆகஸ்ட் 31. துங்கு லண்டன்லேர்ந்து திரும்பி வந்து நம்ம மலாக்கா பாடாங் பஹ்லாவான்ல நின்னு சுதந்திரத்தைப் பத்திச் சொன்னது 1956 பிப்ரவரி 20. ரெண்டு ஊர்லயும் வெள்ளைக்காரன்தான் முதலாளி. ரெண்டு ஊருக்கும் சோறு மரத்துலேர்ந்துதான்: அவங்களுக்குக் கொக்கோ, நமக்கு ரப்பர். துரை கப்பல் ஏறினதும் நாற்காலி எல்லாம் காலி. உக்கார ஆளு வேணும், உக்காந்த ஆளுக்கு வேலை தெரியணும்.

1961-ல ஐக்கிய நாடுகள் சபையோட ஸ்பெஷல் ஃபண்டும் கானா அரசாங்கமும் சேர்ந்து அக்ராவுல நிர்வாகப் பயிற்சிக்கு ஒரு நிலையம் ஆரம்பிச்சாங்க. மறு வருஷம், 1962-ல, அதே ஸ்பெஷல் ஃபண்டு நம்ம ஊருக்கும் வந்துச்சு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஐஎல்ஓ கூட நின்னு நடத்திக் குடுக்க, தேசிய உற்பத்தித் திறன் மையம் பொறந்துச்சு. ஆக, கானாக்காரனும் நாமளும் ஒரே பந்தியில எலை போட்டு உக்காந்தவங்க. இப்ப நீ பரிமாறுற ஆளா போறே. சந்தோசம். போகும்போது வாயில ஒட்டின பருக்கையைத் துடைச்சுட்டுப் போ.

அந்தக் காலத்துல நம்ம ஊருக்கும் நிபுணருங்க வந்தாங்க. 1966-ல மாண்ட்கோமரி, எஸ்மேன்னு ரெண்டு அமெரிக்கப் பேராசிரியருங்க. நம்ம அரசாங்க நிர்வாகத்தை எப்படிச் சீர் பண்றதுன்னு அறிக்கை எழுதிக் குடுத்தாங்க. பிரதமர் இலாகாவுல அதுக்குன்னு ஒரு பிரிவு வந்துச்சு. 1972-ல இந்தான் வந்துச்சு, இன்னிக்கும் அரசாங்க அதிகாரிங்க பயிற்சிக்குப் போற எடம். உலகத்துல எத்தனையோ அறிக்கை அலமாரியில தூங்குது, இது மட்டும் ஏன் எழுந்து நடந்துச்சு? பேராசிரியருங்க நல்லா எழுதினதாலயா? இருக்கலாம். ஆனா அவங்க வர்றதுக்கு முன்னாடியே, அப்ப துணைப் பிரதமரா இருந்த துன் ரசாக் அந்த வேலையில எறங்கிட்டாரு.

கிராம வளர்ச்சியை அவரு கையில எடுத்தப்போ ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பெரிய சிவப்பு அட்டைப் புத்தகம் ஒண்ணு. உள்ள மாப். மாப் மேல கண்ணாடித் தாள், தாள் மேல கோடு. எங்க ரோடு வேணும், எங்க தண்ணிக் குழாய் வேணும், எங்க பள்ளிக்கூடம் வேணும், எல்லாம் கோடு. மாவட்டத்துக்கு மாவட்டம் 'பிலிக் கெராக்கான்'னு ஒரு அறை, சுவரு பூரா மாப். ரசாக் கார்ல வந்து எறங்குவாரு. போன தடவை இந்தப் பாலம் முடிஞ்சிடும்னு சொன்னீங்களே, எங்கேன்னு கேப்பாரு. பதில் சொல்லத் தடுமாறுன அதிகாரிக்கு அன்னிக்குச் சாப்பாடு எறங்காது. அப்படி ஒரு ஆளு மேல இருந்தா கீழ இருக்கிறவன் தானா போய்க் கேப்பான், எங்கய்யா நிர்வாகம் சொல்லிக் குடுக்கிறாங்கன்னு. கேக்குறவன் வந்த பிறகு வாத்தியார் வந்தாரு. நீ போற எடத்துல பாலம் எங்கேன்னு கேக்குற ஆளு இருக்காரான்னு முதல்ல பாரு.

அந்தச் சிவப்புப் புத்தகத்துல நம்ம லயம் கிடையாது, அதையும் சொல்லிடுறேன். தோட்டம் தனியார் நெலம், கிராம வளர்ச்சியில சேராது. கோடு தோட்டத்து வேலி வரைக்கும் வந்து நின்னுடும். வேலிக்கு இந்தப் பக்கம் யாரு நிர்வாகம் சொல்லிக் குடுத்தா? ஒருத்தரும் இல்ல. வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு போட்டு வித்துட்டுப் போன சமயம் அது, ஜனங்க லயத்தை விட்டு ரோட்டுக்கு வந்த சமயம். 1960-ல வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சாரு. தோட்டம் தோட்டமா போனாரு. ரப்பர் பால் வெட்டுறவன் மாசம் பத்து வெள்ளியா கட்டி நூறு வெள்ளிப் பங்குக்குச் சொந்தக்காரன் ஆனான். கெடாவுல புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்குனாங்க, அப்புறம் ஒண்ணொண்ணா வாங்குனாங்க. எவனும் வெளிநாட்டு உதவி தரல. அந்தச் சங்கத்துக் கூட்டத்துல எங்கப்பா மாதிரி ஆளுங்க எழுந்து கணக்கு கேட்டாங்க பாரு, அதுக்கு ஒரு சிஜிலும் கிடையாது. பத்து வெள்ளி கட்டினவன் கேப்பான். நீ போற எடத்துல பத்து வெள்ளி கட்டினவன் யாரு?

சரி, நாம குடுக்கிற கையா மாறின கதைக்கு வருவோம். 1980-ல மலேசியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம்னு ஆரம்பிச்சு மத்த நாட்டு அதிகாரிங்களை இங்க கூப்பிட்டுக் கத்துக் குடுத்தோம். ஆப்பிரிக்காவுலேர்ந்தும் வந்தாங்க. அது நல்ல காரியம். ஒருத்தன் வந்து நம்ம ஊரைப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கிட்டு, வேண்டாததை விட்டுட்டுப் போறான். மரியாதையா இருக்கு.

அப்புறம் நாமளே நிபுணர் ஆனோம். 2009-ல அரசாங்கத்துல பெமாண்டுன்னு ஒண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? எல்லாரையும் ஒரு அறையில வாரக்கணக்கா உக்கார வச்சு, திட்டத்தைப் பிரிச்சு மேஞ்சு, யாரு எந்தத் தேதியில எதை முடிக்கணும்னு எழுதி வாங்குறது. அதை 2013-ல தான்சானியா வாங்கிக்கிச்சு, 'பிக் ரிசல்ட்ஸ் நவ்'னு பேரு வச்சாங்க. 2014-ல தென்னாப்பிரிக்கா வாங்கி 'ஆப்பரேஷன் பக்கீசா'ன்னு வச்சாங்க. பேரு எல்லாம் ஜோர். தான்சானியாவுல 2015-ல அதிபர் மாறினாரு, மகுஃபுலி வந்தாரு. கொஞ்ச வருஷத்துல அந்தப் பலகையை எறக்கிட்டாங்க. அவங்களைக் குறை சொல்லாதே. நம்ம ஊர்லயே 2017-ல பெமாண்டு அரசாங்கத்தை விட்டு வெளிய வந்து தனியார் ஆலோசனைக் கம்பெனி ஆயிடுச்சு. வீட்டுல சமைக்கிறதை நிறுத்திட்டு வெளிய சாப்பாட்டுக்கடை போட்டோம்னு வச்சிக்க. யாவாரம்னா அதுதானே.

நம்ம மலாக்காவுல பொறந்த கம்பெனி ஒண்ணும் ஆப்பிரிக்காவுக்குப் போச்சு. சைம் டார்பி. 1910-ல சைம், டார்பின்னு ரெண்டு துரைமாரு மலாக்காவுல 500 ஏக்கர் ரப்பரை மேய்க்க ஆரம்பிச்சது. நூறு வருஷம் கழிச்சு அதே கம்பெனி, இப்ப நம்ம நாட்டுக் கம்பெனி, 2009-ல லைபீரியாவுல செம்பனை போட 63 வருஷத்துக்கு ஒப்பந்தம் பண்ணிச்சு. எவ்வளவு நெலம்? 2,20,000 ஹெக்டேர். தோட்டம் நடத்துறதுல நமக்கு மிஞ்சுன ஆளு உலகத்துல கிடையாதுன்னு கிளம்புனாங்க. அது பொய்யும் இல்ல. ஆனா அந்த நெலத்துல ஏற்கெனவே ஜனங்க இருந்தாங்க. அவங்க பயிர் இருந்துச்சு, தாத்தன் சமாதி இருந்துச்சு. 2011-ல கிராண்ட் கேப் மவுண்ட் பக்கத்து ஜனங்க செம்பனை வட்ட மேசை அமைப்புக்கு மனு போட்டுட்டாங்க. கடைசியில நட்டது 10,000 ஹெக்டேர் சொச்சம். 2020 ஆரம்பத்துல வித்துட்டு வந்தாங்க. கையில வாங்கின வெலை தெரியுமா? ஒரு அமெரிக்க டாலர். மேற்கொண்டு எண்ணெய் விலையையும் விளைச்சலையும் பார்த்து ஏதோ தருவாங்களாம். ஒரு டாலர்! மெர்லிமாவ் சந்தையில ஒரு கட்டுக் கீரை வாங்குற காசு. நிர்வாகம் தெரியாதவங்களா அவங்க? துரைத்தனத்துல கரை கண்டவங்க. மனையில யாரு இருக்காங்கன்னு பார்க்காம வீடு கட்டப் போனா எஞ்சினியர் என்ன பண்ணுவான்?

மலேசியாவுலேர்ந்து வந்திருக்கேன்னு நீ சொன்னதும் அங்க ஒருத்தன் எழுந்து, "எங்க ஊர்லேர்ந்து செம்பனை விதையை எடுத்துட்டுப் போய் நீங்க பணக்காரனாயிட்டீங்க"ன்னு சொல்லுவான். நைஜீரியாக்காரன்னா கட்டாயம் சொல்லுவான். சண்டைக்குப் போகாதே, தலையை ஆட்டு. மேற்கு ஆப்பிரிக்காதான் அந்த மரத்துக்குத் தாய் வீடு. 1848-ல நாலு கன்னு ஜாவாவுல போகோர் தோட்டத்துக்கு வந்துச்சு. அதோட வாரிசுங்க சுமாத்ரா வழியா நம்ம பக்கம் வந்துச்சு. 1917-ல குவாலா சிலாங்கூர் பக்கம் தென்னமாரம் தோட்டத்துல யாவாரத்துக்கு நட்டாங்க. அதுக்கு மேல ஒரு கதை இருக்கு, அது உனக்கு எந்த எம்பிஏவுலயும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. டீயை வச்சிட்டுக் கேளு.

மரம் வந்துச்சு, மரத்துக்கு மகரந்தம் சுமக்கிற பூச்சி வரல. ஆண் பூ ஒரு பக்கம், பொண்ணு பூ ஒரு பக்கம், நடுவுல தூது போக ஆளில்ல. காத்தை நம்பி உக்காந்தா குலையில பாதி காய் வைக்காது. அதனால மனுசன் தூது போனான். மனுசி போனான்னு சொல்லணும். தோட்டத்துப் பொம்பளைங்கதான். ஆண் பூவை வெட்டிக் கொண்டாந்து காய வச்சு உலுக்கினா மஞ்சளாத் தூள் கொட்டும். அதுல டால்கம் பவுடரைக் கலந்து, ஒரு ரப்பர் பந்து வச்ச குப்பியில போட்டுக்கிட்டு, மரம் மரமாப் போய் பொண்ணு பூ எங்க விரிஞ்சிருக்குன்னு தேடணும். அது மட்டைக்கு நடுவுல முள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். மட்டையை ஒதுக்கிக் கையை விட்டு, பந்தை அமுக்கி, புஸ்ஸுன்னு அடிக்கணும். முழங்கை பூரா கீறல். பூ விரிஞ்சு ரெண்டு மூணு நாள்ல போயிடும், அதனால திரும்பத் திரும்ப அதே சுத்து. சாயங்காலம் அவங்க திரும்பி வரும்போது மூஞ்சி எல்லாம் பவுடர், கலியாணத்துக்குப் போயிட்டு வந்த மாதிரி. செக்ரோல்ல அந்த வேலைக்குத் தனிக் கணக்கு. உங்க பாட்டி செஞ்ச வேலை அது.

யூனிலீவர் கம்பெனியில லெஸ்லி டேவிட்சன்னு ஒரு துரை. கேமரூன்ல வேலை செஞ்சவரு, மலேசியாவுலயும் வேலை செஞ்சவரு. அங்க யாரும் பவுடர் அடிக்கல, ஆனா குலை நெறையக் காய்க்குது. இங்க இத்தனை பேரு அடிச்சும் குறையுது. ஏன்னு கேட்டாரு. காத்துதான், பூச்சி எல்லாம் ஒண்ணும் இல்லன்னு புத்தகம் சொல்லுச்சு. அவரு புத்தகத்தை நம்பல. ரஹ்மான் சையதுன்னு பாகிஸ்தான்காரர், பூச்சி ஆராய்ச்சியாளர், அவரைக் கேமரூனுக்கு அனுப்பினாங்க. அவரு போய் மரத்தடியில உக்காந்து பார்த்தாரு. பூவிலேர்ந்து சோம்பு வாசனை வருது. நெசமாத்தான், நம்ம கறி மசாலாவுல போடுற சோம்பு வாசனை. அந்த வாசனைக்கு ஒரு சின்னக் கூன்வண்டு வருது, 3, 4 மில்லிமீட்டர் இருக்கும். ஆண் பூவுலதான் அதுக்குச் சாப்பாடு, அதுலதான் முட்டை, அதுலதான் குடித்தனம். பொண்ணு பூவும் விரியும்போது அதே சோம்பு வாசனையைக் கொஞ்சம் விடுது. வண்டு ஏமாந்து போய் எட்டிப் பார்க்குது, ஒடம்புல ஒட்டின தூளை உதிர்த்துட்டு, இங்க ஒண்ணும் இல்லன்னு திரும்பிடுது. அதுக்குள்ள காரியம் முடிஞ்சிடுது.

அந்த வண்டு வேற பயிரைத் தின்னுமான்னு சோதிச்சுப் பார்த்து, நோய் நொடி இல்லாம வடிகட்டி, அரசாங்கத்துக்கிட்ட அனுமதி வாங்கி, 1981-ல ஜொகூர் குளுவாங் பாமோல் தோட்டத்துல விட்டாங்க. கொஞ்ச நாள்ல நாடு பூரா பரவிடுச்சு. குலை எடை கூடுச்சு, பருப்பு கூடுச்சு. பவுடர் அடிக்கிற வேலை நின்னுடுச்சு.

பொம்பளைங்க கைக்கூலி போச்சு, அதை நான் மறைக்க மாட்டேன். கம்பெனிக்கு வந்த லாபத்துல அவங்களுக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டா, பதில் சொல்ல 'பிளாண்டர்' பத்திரிகையில எடம் இல்ல. பயிற்சி குடுத்துத் திறமையைக் கூட்டுறேன்னு கிளம்புறவன் அந்தத் திறமை யாரு கூலியை முழுங்குதுன்னும் ஒரு கண்ணு வச்சிக்கணும்.

ஆனா கணக்கைப் பாரு. ஆப்பிரிக்காவுலேர்ந்து மலேசியாவுக்கு வந்த மொதல் தரமான நிபுணர் அந்த வண்டுதான். கேமரூன்காரர். ஓட்டல் கேக்கல, அலவன்ஸ் கேக்கல, இடைக்கால அறிக்கை எழுதல. நாப்பது வருஷமா வேலை செய்யுது, இன்னும் திட்ட காலம் முடியல. ஏன் தங்குச்சு? அதுக்கு வேண்டிய தீனி இங்க மரத்துலயே இருந்துச்சு. கப்பல்ல தீனி வரணும்னா அது வந்த வருஷமே செத்துருக்கும். உன் திட்டத்துக்குத் தீனி எங்கேர்ந்து வருது மருமகனே? லண்டன்லேர்ந்தா, வாஷிங்டன்லேர்ந்தா?

அங்க போய்ப் பார்த்தா வெளித் தீனியில ஓடுறது, சொந்தத் தீனியில ஓடுறது, ரெண்டு விதமும் இருக்கும். உலக வங்கிப் பயிற்சிப் பிரிவு, ஐநா வளர்ச்சித் திட்டம், ஐஎல்ஓ, மூணும் கூடி ஆப்பிரிக்க நிர்வாகப் பயிற்சி நிலையங்களுக்குப் பலம் ஏத்த 'யுனெடில்'னு ஒரு திட்டமே நடத்தினாங்க. 1991-ல ஹராரேயில திறன் வளர்க்கிறதுக்குன்னே ஒரு அறக்கட்டளை வந்துச்சு. ஆக, நீ போய்த்தான் தொடங்கப் போறேன்னு நினைக்காதே. உனக்கு முன்னாடி உங்க அப்பன் வயசு ஆளுங்க வந்துட்டுப் போயிட்டாங்க. அங்க இருக்கிற பழைய பியூனுக்கு உன்னோட முதல் ஸ்லைடு என்னன்னு மனப்பாடம்.

அதே ஆப்பிரிக்காவுல, நான் சொன்னேனே கானா நிலையம், 1961-ல தொடங்குனது. இப்ப ஜிம்பான்னு பேரு. 2000-ல ஸ்டீபன் அடேய்னு ஒரு தலைவர் வந்தாரு. மறு வருஷம் அரசாங்க மானியத்தை விட்டு வெளிய வந்து, பாடம் நடத்திக் கட்டணம் வாங்கித் தன் செலவைத் தானே பார்க்க ஆரம்பிச்சுது. இன்னொண்ணு, தான்சானியாவுல அருஷா. 1974-ல கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம்னு மூணு நாடு சேர்ந்திருந்தப்போ ஒரு நிர்வாக நிலையம் வச்சாங்க. 1977-ல கென்யா, உகாண்டா, தான்சானியா சண்டை போட்டுக்கிட்டு அந்தச் சமூகமே ஒடஞ்சுது. ரயில், ஏரோப்ளேன் எல்லாம் பங்கு பிரிச்சாங்க. ஆனா இந்த நிலையம் சாகல. எசாமின்னு பேரை மாத்திக்கிட்டு, அக்கம்பக்கத்து நாடுகளைச் சேர்த்துக்கிட்டு, இன்னிக்குப் பத்து நாட்டுச் சொத்து. அப்பன் வீடு இடிஞ்ச பிறகும் பிழைச்ச பிள்ளை. அதுங்கிட்ட போய் நீ பலம் ஏத்துறேன்னு சொன்னா சிரிப்பாங்க. அங்க போய் ஒரு மாசம் சும்மா உக்காரு. கல்லாவுல யாரு காசு கட்டுறான்னு பாரு. நீ படிச்சதை விட அதிகம் படிப்பே.

இந்தியாவுலயும் வெளிநாட்டுப் பணத்துல ஒரு நிர்வாக நிலையம் வந்துச்சு. 1961-ல அகமதாபாத் ஐஐஎம். ஃபோர்டு அறக்கட்டளைப் பணம், ஹார்வர்டு பாடம். ஆனா கூட நின்னது விக்ரம் சாராபாய், குஜராத் அரசாங்கம், ஊரு ஆலை முதலாளிங்க. வாத்தியாருங்களை ஹார்வர்டுக்கு அனுப்பிப் படிக்க வச்சுத் திருப்பிக் கூட்டியாந்தாங்க. திரும்பி வந்தவங்க அமெரிக்கக் கம்பெனிக் கதையை ஓரமா வச்சிட்டு, இந்தியக் கம்பெனிக் கதையை எழுதிப் பாடம் நடத்தினாங்க. 1965-ல ரவி மத்தாய் முழு நேர இயக்குனரா வந்தாரு. ஏழு வருஷத்துல, நல்லா நடக்கும்போதே, நாற்காலியை விட்டு எறங்கி அதே எடத்துல சாதா வாத்தியாரா உக்காந்தாரு. அப்புறம் ராஜஸ்தான்ல ஜவாஜான்னு ஒரு வறண்ட எடத்துக்குப் போய், தோல் வேலைக்காரங்க, நெசவுக்காரங்க கூட உக்காந்து வேலை பார்த்தாரு. நாற்காலியை விட்டு எறங்கத் தெரிஞ்ச தலைவன் ஒருத்தன் இருந்தா, உன் ஸ்லைடு பாதி தேவையில்ல. உன் கம்பெனியில அப்படி யாராவது எறங்கியிருக்காங்களா? எறக்கி விட்டது கணக்குல வராது.

நம்ம பால் வெட்டுப் பயிற்சியைக் கேளு, சின்ன விஷயம்தான். புது ஆளுக்கு நல்ல மரத்தைத் தர மாட்டாங்க. சீக்கிரம் வெட்டிச் சாய்க்கப் போற கெழட்டு மரத்துலதான் பழகணும். எடது பக்கம் ஒசந்து வலது பக்கம் சரியணும் கோடு, பால் நரம்பு ஓடுற வாட்டம் அப்படி. பட்டையை மெல்லிசா சீவணும், உள் தோல்ல கத்தி பட்டா காயம், அந்த எடம் முண்டு கட்டிடும், அப்புறம் அதுல கோடு ஓடாது. மண்டோர் பின்னாடியே நிப்பாரு. காயம் போட்டா ஏசுவாரு, நாக்கு சுத்தம் கிடையாது. நல்லா வெட்டினா ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அடுத்த மரத்தைக் காட்டுவாரு, அதுதான் சிஜில். பழகி முடிச்ச மறு நாளே அவன் பேருல வெட்டு, அவன் பேருல கணக்கு. நீ பயிற்சி குடுத்து அனுப்புறவன் திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனா அவன் பேருல என்ன இருக்கும்? கையெழுத்துப் போட அதிகாரம் உண்டா? பத்து வெள்ளி செலவு பண்ண உரிமை உண்டா? இல்ல, மேல இருக்கிறவரு குர்சுஸுக்கே வராதவரு, "என்னப்பா, சுத்திப் பார்த்தாச்சா, சரி பைலை எடு"ன்னு சொல்லப் போறாரா? சொல்லுவாரு. அப்போ இவன் அந்தச் சிஜிலை எடுத்துக்கிட்டு ஏதாவது உதவி நிறுவனத்து ஆபீஸ்ல நல்ல சம்பளத்துக்குப் போயிடுவான். அரசாங்கம் ஒரு ஆளை எழந்துடும். உன் ரிப்போர்ட்ல அது 'வெற்றிக் கதை'ன்னு வரும், போட்டோவோட.

அதனால மாமன் கேக்குறது ஒண்ணுதான். அந்த நிலையத்தை நாளைக்கு மூடினா யாருக்குக் கோவம் வரும்? உனக்கு வரும், கான்ட்ராக்ட் போயிடும். உனக்குப் பணம் குடுக்கிற ஆபீஸருக்கு வரும், கணக்கு முடிக்க முடியாது. அந்த ஊர்ல யாருக்கு வரும்? சந்தையில கடை போட்டவனுக்கா, தண்ணி வாரியத்து எஞ்சினியருக்கா, அந்த ஊரு ரசாக்குக்கா? ஒருத்தராவது கோவப்படுவாருன்னா அவரைத் தேடிப் பிடி. அவரு கேக்குற பாடத்தை நடத்து, அது ஸ்ட்ராட்டஜிக் பிளானிங்கா இல்லாம சாமான் கிடங்குக் கணக்கா இருந்தாலும் சரி. அவரு கொஞ்சமாவது காசு கட்டட்டும். நீ கிளம்புறதுக்கு முன்னாடி அந்த ஊரு வாத்தியார் ஒருத்தர் உன் எடத்துல நின்னு, உன்னை ஓரமா உக்கார வச்சிட்டு, உன்னை விட நல்லா நடத்தணும். உனக்கு வயித்தெரிச்சலா இருக்கும், பொறுத்துக்க. நீ போன மறு மாசம் கரண்டு பில்லையும் ஜாகாக்காரர் சம்பளத்தையும் யாரு கட்டுறதுன்னு எழுதி வாங்கிக்க.

உன் திட்ட அறிக்கையைக் காட்டு பாப்போம். அடேங்கப்பா, நூத்திச் சொச்சம் பக்கம். வழுவழுன்னு தாள் வேற. ஜாகாக்காரர் சம்பளம் எந்தப் பக்கத்துல வருது? இல்லையா? கரண்டு பில்லு? அதுவும் இல்ல. சரி, இன்னும் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துட்டு அப்புறம் டிக்கெட் போடு.

டிக்கெட் ஏற்கெனவே போட்டாச்சா? காட்டு. பிசினஸ் கிளாஸா மருமகனே!